டிவில வர்றத, பேப்பர்ல வர்றத நீங்க எவ்ளோ நம்புறீங்க? பாண்டி, கடலூர் ஆளுங்க சொல்லுங்க

முத்தியால்பேட்டை_மாடிவீடு
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை, ஆபரேஷன் சிந்தூர் நேரத்துல ஒரு ராத்திரி, நான் தூங்கிட்டிருக்கேன், அம்மா வந்து உலுக்குறாங்க, "டேய் சங்கு ஊதுறான்டா, எழுந்திரு"ன்னு. கண்ண தொறந்தா வீடு முழுக்க இருட்டு. கேஸ மூடிட்டாங்க, ஃபேன நிறுத்திட்டாங்க, சாமி ரூம்ல எரியுற காமாட்சி விளக்க கூட அணைச்சுட்டாங்க, எங்க அம்மா அத அணைச்சு நான் பாத்ததே இல்ல. மே 7ஆம் தேதி நாடு முழுக்க போர் ஒத்திகைன்னு சொல்லிருந்தாங்கல்ல, அது மனசுல இருந்திருக்கு. நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் பாத்தா தெரு லைட்டு எரியுது, நாய் காலை நீட்டி படுத்திருக்கு, எதிர் வீட்டு மாமா டிவிய சத்தமா வச்சிருக்காரு. சங்கு அதுலருந்துதான் வருது! செய்திக்கு பின்னாடி எஃபெக்ட்டுக்கு ஓட்டிருக்கானுங்க. அப்புறம் அரசாங்கமே டிவிக்காரங்ககிட்ட "அந்த சைரன் சத்தத்த நிகழ்ச்சில போடாதீங்க"ன்னு சொல்ல வேண்டியதா போச்சு. அதே ராத்திரி சில சேனல்ல கராச்சி துறைமுகம் காலின்னாங்க. காலைல பாத்தா துறைமுகம் அங்கயேதான் இருக்கு.

அதுலருந்து எனக்கு எத படிச்சாலும் சங்கு ஞாபகம்தான். 2025 அக்டோபர் 13 அன்னைக்கு பாண்டில இந்திரா காந்தி சிலைலருந்து ராஜீவ் காந்தி சிலை வரைக்கும் மேம்பாலம், 4 கிலோமீட்டர், 436 கோடின்னு அடிக்கல் நாட்டுனாங்க. எங்க பெரியப்பா எல்லாம் பொய்யின்றாரு. தங்கச்சி எல்லாம் நடக்கும்ன்றா. எனக்கு ரெண்டும் ஒட்டல. நீங்கல்லாம் எத வச்சு முடிவு பண்றீங்க?

உண்மை_விளம்பி
உங்க பெரியப்பா சொல்றதுதான் கரெக்ட். எல்லாமே செட்டப். போர், புயல், பாலம் எல்லாம் ஒரே ஸ்கிரிப்ட். ஃபெஞ்சல் புயல் கடல்ல நின்னு நிதானமா பாண்டிய மட்டும் அடிச்சதே அது எப்படின்னு யோசிச்சீங்களா

முத்தியால்பேட்டை_மாடிவீடு
ஆரம்பிச்சாச்சா 😀

ஓய்வு_ஹவில்தார்_நெல்லிக்குப்பம்
தம்பி, நான் 22 வருஷம் பட்டாளத்துல இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. டிவில அந்த ராத்திரி ஓடுனத ராணுவத்தோட கணக்குல எழுதாதீங்க. ராணுவம் அன்னைக்கு அன்னைக்கு பேசுறது ரொம்ப கம்மி. நமக்கு என்ன நஷ்டம்னு அன்னைக்கே சொல்லாது, சொல்லவும் கூடாது, எதிராளிக்கு அதுவே உளவு ஆயிடும். இது எந்த நாட்டு படைக்கும் பொதுதான். ஆனா சொல்லாம விடுற அந்த இடத்த யாராவது நிரப்புவான்ல, அங்கதான் சேனல்காரன் வர்றான். ஆர்மா 3ன்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்காம், அதுல வர்ற சண்டைய வெட்டி உண்மை விமானச் சண்டைன்னு பரப்புனாங்க. என் பேரன்தான் பாத்த உடனே "தாத்தா இது கேமு"ன்னான். நான் 22 வருஷம் யூனிபார்ம் போட்டவன், எனக்கு தெரியல.

அதுக்காக ராணுவம் சொன்னா அப்படியே முழுங்கணும்னு நான் சொல்ல வரல. 2019 பிப்ரவரி 27 அன்னைக்கு ஸ்ரீநகர் பக்கம் பட்காம்ல ஒரு எம்.ஐ.17 ஹெலிகாப்டர் விழுந்துச்சு. விமானப்படைக்காரங்க 6 பேரு, கீழ இருந்த ஒரு பொதுஜனம், 7 உயிரு. முதல்ல விபத்துன்னுதான் பேச்சு. எங்க பழைய ஆளுங்க குரூப்ல அன்னைக்கே முணுமுணுத்துக்கிட்டாங்க, யாரும் வாய தொறக்கல. அக்டோபர்லதான் விமானப்படைத் தளபதி பதௌரியா நம்ம ஏவுகணையே நம்ம ஹெலிகாப்டர அடிச்சிடுச்சு, பெரிய தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. ஏழு மாசம். ஒத்துக்கிட்டாங்கன்றதும் உண்மை, ஏழு மாசம் ஆச்சுன்றதும் உண்மை. ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டுதான் நான் செய்தி பாக்குறேன்.

சொல்தா_பேத்தி
ஐயா சொன்னதுக்கு ஒண்ணு சேக்குறேன். 2025 சிந்தூர்லயும் அப்படித்தான். மே 7ல ஆரம்பிச்சது, விமானம் போச்சான்னு எல்லாரும் கேட்டாங்க, பதில் இல்ல. மே 31 அன்னைக்கு முப்படைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூர்ல ஒரு வெளிநாட்டு டிவிக்கு குடுத்த பேட்டில, விமானங்கள இழந்தது உண்மைதான், ஆனா எத்தனைன்றது முக்கியமில்ல, ஏன் விழுந்துச்சுன்றதுதான் முக்கியம்ங்கிற மாதிரி சொன்னாரு. சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. நம்ம ஊர் ஆளுக்கு சொல்லாம அங்க போய் முதல்ல சொன்னாருல்ல, அதுதான் எரிச்சல்.

எங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளம், வியட்நாம்ல சைகோன்ல இருந்தாரு. 1954ல அங்க தியன் பியன் பு சண்டை நடக்கறப்ப கோட்டை விழவே விழாதுன்னு மேலதிகாரி சொல்லிட்டே இருந்தாராம், இவங்களும் நம்பிக்கிட்டே இருந்தாங்களாம். மே 7 அன்னைக்கு விழுந்துடுச்சு. தாத்தா கடைசி வரைக்கும் பேப்பர கீழருந்து மேல படிப்பாரு, கடைசி பத்தியிலதான் உண்மைய ஒளிச்சு வச்சிருப்பான்னு சொல்வாரு. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாளுக்கு மெடல் குத்திக்கிட்டு கடற்கரை ரோடு போர் நினைவுச் சின்னத்துக்கு போயிட்டு வந்து அதே கையோட பேப்பர திட்டுவாரு. ரெண்டும் அவருக்கு ஒண்ணோட ஒண்ணு இடிக்காது.

வாரக்கூலி_நிருபர்
கீழருந்து மேல படிக்கறது 😂 மேடம் உங்க தாத்தா எங்க டெஸ்க்ல உக்கார வேண்டிய ஆளு. நான் கடலூர் பக்கம் பகுதி நேர நிருபர், எந்த பேப்பர்னு கேக்காதீங்க. கம்பெனி செய்தி பத்தி யாரும் பேசலியே அத சொல்றேன்.

"இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை"ன்னு வருதுல்ல, அது எழுதுனது நாங்க இல்ல. பிரஸ் நோட்டா மெயில்ல வரும், தலைப்போட வரும், படத்தோட வரும். சாயங்காலம் 6 மணிக்கு வரும், 7க்கு பக்கம் மூடணும். யார கூப்ட்டு கேக்குறது? அப்படியே போயிடும். தமிழ்நாட்டு முதலீட்டாளர் மாநாடு கணக்க மட்டும் பாருங்க, 2015ல 2.42 லட்சம் கோடி, 2019ல 3 லட்சம் கோடி, 2024 ஜனவரில 6.64 லட்சம் கோடி. பொய்யான நம்பர் இல்ல, புரிந்துணர்வு ஒப்பந்தம்னு கையெழுத்து போட்டது அவ்ளோதான். ஆனா ஒப்பந்தம்ன்றது பொண்ணு பாத்துட்டு பஜ்ஜி சாப்ட்டுட்டு போன மாதிரி. நிச்சயதார்த்தம் கூட இல்ல. நாங்க பேப்பர்ல குழந்தைக்கு பேரே வச்சுடறோம்.

அந்த பஜ்ஜி சாப்ட்ட வீட்டுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப போய், என்னாச்சுங்க கல்யாணம்னு கேக்கற செய்தி இருக்கே, அது எழுதுனா போடறதுக்கு இடம் கிடைக்காது. "இதுல என்ன புதுசு இருக்கு"ம்பாங்க. கடலூர்ல கடலோரம் ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வரப்போகுதுன்னு எத்தன வருஷம் முதல் பக்கத்துல எழுதுனோம். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சதுல பாதி கட்டுனது சின்னாபின்னமாச்சு, அப்புறம் கடன், திவாலு, கை மாறுனதுன்னு போச்சு. வரப்போகுதுன்னது பெரிய எழுத்து. நின்னு போச்சுன்னது உள்பக்கத்துல ஒரு பத்தி.

குடிகாடு_காத்து
வேலைவாய்ப்பு நம்பர் மட்டும் இல்லண்ணே, "பாதிப்பு ஏதும் இல்லை"ன்னு வர்றதையும் சேத்துக்குங்க. எங்க பக்கம் கெமிக்கல் கம்பெனி வாடை ராத்திரி ரெண்டு மணிக்குதான் வரும், அதிகாரிங்க காலைல பத்து மணிக்கு வந்து மோந்து பாப்பாங்க. அதனாலதான் 2004லருந்து எங்க சுத்துப்பட்டு ஊருங்கள்ல ஜனங்களே பக்கெட் வச்சு காத்து புடிக்க கத்துக்கிட்டாங்க. சாதாரண பிளாஸ்டிக் பக்கெட்டு, உள்ள ஒரு பை, மூடில பம்பு. வாடை அடிக்கிற நேரத்துல ஓடிப்போய் காத்த புடிச்சு லேபுக்கு அனுப்பணும். அழுகின முட்டை வாடை, நெயில் பாலிஷ் வாடைன்னு நோட்டுல நேரம் போட்டு எழுதி வப்பாங்க. எங்க சித்திக்கு எழுத்து அவ்ளோவா வராது, ஆனா வாடைய மட்டும் கரெக்ட்டா பிரிச்சு சொல்லும்.

உண்மை_விளம்பி
பாத்தீங்களா நான் சொன்னேன்ல எல்லாம் செட்டப்புன்னு

குடிகாடு_காத்து
அண்ணே நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். எங்க சித்தி பக்கெட் தூக்கிட்டு ஓடுச்சு. நீங்க படுத்துக்கிட்டே சொல்றீங்க.

லெவல்_மிஷின்காரன்
ஹா ஹா. மேம்பாலம் கேட்டாரே அவருக்கு வர்றேன். நான் சர்வேயர், பாண்டி பக்கம் சின்ன சின்ன வேலை. திட்டம்னு பேப்பர்ல போடற படம் இருக்குல்ல, பச்சை மரம், வெள்ளைக்காரம்மா குழந்தை வண்டி தள்ளிக்கிட்டு போறது, ஒரு பைக் கூட பிளாட்பாரத்துல இல்லாதது, அத பாத்து நம்பவும் வேணாம், சிரிக்கவும் வேணாம். அதுல தகவலே கிடையாது. எனக்கு ஒரே கேள்விதான், லெவல் என்ன. தண்ணி எங்கருந்து எங்க போகுது.

எங்க வீடு ரெயின்போ நகர் தாண்டி. நான் சின்னப் பையனா இருக்கறப்ப வாசல்ல ஏழு படி. அதுல உக்காந்துதான் தங்கச்சிக்கு பேன் பாப்பாங்க. இப்ப மூணு படி இருக்கு. வீடு இறங்கல, ரோடு ஏறிடுச்சு. பழைய தார சுரண்டிட்டு போடணும்னு விதி இருக்கு, யாரு சுரண்டுறா, மேலயே போட்டுட்டு போயிடறாங்க. ஒவ்வொரு தடவையும் "புதிய தார்ச்சாலை"ன்னு செய்தி, மாலை, தேங்கா ஒடைக்கறது. செய்தி உண்மைதான், புது ரோடுதான். ஆனா ஒவ்வொரு புது ரோட்டுக்கும் எங்க வீட்டுல ஒரு படி போச்சு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தப்ப மீதி மூணு படியும் முழுகி ஹாலுக்குள்ள வந்துடுச்சு. ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழைன்னாங்க, அது யாராலயும் தாங்க முடியாத மழைதான் ஒத்துக்கறேன், கிருஷ்ணா நகர்ல பட்டாளத்துக்காரங்க வந்து படகுல ஜனங்கள ஏத்துனாங்க. ஆனா அந்த நாலு படி இருந்திருந்தா என் ஃப்ரிட்ஜ் பொழைச்சிருக்கும்.

ஓய்வு_ஹவில்தார்_நெல்லிக்குப்பம்
படகு விட்ட பசங்கள பத்தி சொன்னதுக்கு நன்றி தம்பி.

வம்பாகீரப்பாளையம்_கட்டுமரம்
நான் ஒரு பாவ மன்னிப்பு கேட்டுக்கறேன். 1989 வாக்குல துறைமுக வேலை முடிஞ்சதுலருந்து வடக்குப் பக்கம் மணலு போயே போச்சு, கடற்கரை ரோடுல வெறும் கருங்கல்லுதான், நம்ம வயசு பசங்களுக்கு பாண்டில மணல் இருந்துச்சுன்னா கதை மாதிரி இருக்கும். 2018ல தலைமைச் செயலகத்துக்கு எதிர்க்க கடல்ல பெரிய இரும்புச் சட்டத்த இறக்கி, உள்ள கல்ல போட்டு, மணல் தானா வரும்னாங்க, கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்து ஆளுங்க. நான் டீக்கடைல உக்காந்து எவ்ளோ பேசுனேன் தெரியுமா, கமிஷன் அடிக்கறாங்க, இரும்பு துருப்புடிச்சு கால்ல குத்தப் போவுது, கடலுக்கு லாடம் கட்டறானுங்கன்னு. வாய் கூசாம பேசுனேன். கொஞ்ச நாள்ல மணல் வந்துடுச்சுங்க. என் பொண்ணு அதுல வீடு கட்டி விளையாண்டுச்சு. டீக்கடை மாஸ்டர் இன்னமும் என்ன பாத்தா "லாடம்"னுதான் கூப்பிடறாரு.

லெவல்_மிஷின்காரன்
லாடம் அண்ணே வணக்கம் 🙏 ஆனா அதுலயும் ஒண்ணு, இங்க கல்லு போட்டு காப்பாத்துனா அரிப்பு இன்னும் வடக்க நகருது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி ஆளுங்ககிட்ட கேட்டா வேற கதை சொல்வாங்க.

வம்பாகீரப்பாளையம்_கட்டுமரம்
அது தெரியும் சார். எங்க மச்சான் வீடு பிள்ளைச்சாவடிலதான். மணல் வந்த போட்டோவ அவனுக்கு அனுப்பிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

தென்பெண்ணை_ஓரம்
நான் நாணமேடு, கடலூர் பக்கம் தென்பெண்ணை ஆத்தோரம். ஃபெஞ்சலுக்கு அடுத்து டிசம்பர் 2 விடியக்காலம் எங்க ஆத்துல மேல இருக்கற சாத்தனூர் அணைலருந்து 1.68 லட்சம் கன அடி தொறந்தாங்கல்ல, அத பத்தி பேசணும். சொல்லாம தொறந்துட்டாங்கன்னு ஒரு கட்சி, அஞ்சு தடவை எச்சரிக்கை குடுத்தோம்னு அரசாங்கம், டிவில ஒரு வாரம் சண்டை. யாரு சொல்றது உண்மைன்னு எங்கிட்ட சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறாங்க, நான் என்னத்த சொல்றது. எங்களுக்கு ரெண்டு நாளா கரண்ட் இல்ல. ஃபோன் செத்துக் கிடக்கு. டவர் இல்ல. மூணாவது நாள் பக்கத்து ஊருக்கு போய் சார்ஜ் போட்டு ஆன் பண்ணா டிங் டிங்னு எச்சரிக்கை மெசேஜா வருது. அப்ப மாடு ரெண்டு போயிடுச்சு, நெல்லு மூட்டை நனைஞ்சு மொளைக்க ஆரம்பிச்சுடுச்சு. குடுத்தாங்களான்னா குடுத்தாங்க. வந்துச்சான்னா வந்துச்சு. நான் டிவில வந்து இத சொன்னா எந்தக் கட்சிக்காரனும் கேக்க மாட்டான், ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்ல.

மஞ்சக்குப்பம்_மைதானம்
அக்கா நீங்க சொன்னதும் எனக்கு நம்ம ஊரு பழைய கதை ஒண்ணு ஞாபகம் வருது. 1783ல கடலூர்ல பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் சண்டை. ஜூன் 13 தரையில, ஜூன் 20 கடல்ல. ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல செத்தாங்க, அதுல நம்ம சிப்பாய்ங்களும் இருந்தாங்க. கூத்து என்னன்னா ஜனவரி 20ஆம் தேதியே ஐரோப்பாவுல சமாதான முன் ஒப்பந்தம் போட்டாச்சு! அந்த சேதி கப்பல்ல ஆடி அசைஞ்சு கடலூர் வந்து சேர ஜூன் கடைசி ஆயிடுச்சு. அஞ்சு மாசம் முன்னாடி முடிஞ்ச சண்டைக்கு இங்க உயிர விட்டாங்க.

தென்பெண்ணை_ஓரம்
தம்பி 240 வருஷம் ஆயும் நம்ம ஊருக்கு டவர் கிடைக்கலன்றீங்க 😀

தேவனாம்பட்டினம்_கரைவலை
இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. சுனாமி வந்து நாலு நாள் கழிச்சு, 2004 டிசம்பர் 30, திரும்ப அலை வருதுன்னு தில்லிலருந்தே எச்சரிக்கை விட்டாங்க. எனக்கு ஒம்போது வயசு. கரையில பொணம் தேடிக்கிட்டிருந்தவங்க, சோறு வாங்க வரிசைல நின்னவங்க எல்லாரும் அப்படியே ஓடுனோம், அம்மா என் கைய புடிச்ச இடத்துல நகக்குறி இன்னும் லேசா இருக்கு. அலை வரல. 2012 ஏப்ரல் 11 சுமத்ரால பெரிய நிலநடுக்கம், திரும்ப எச்சரிக்கை, எங்க மாமா திண்ணைல உக்காந்துக்கிட்டு "போங்கடா, அன்னைக்கும் இப்டிதான்"னுட்டாரு. அன்னைக்கும் அலை வரல, அவரு ஜெயிச்சுட்டாரு. அவரு ஜெயிச்சதுதான் எனக்கு பயமா இருக்கு. அடுத்த தடவை அவரோட சேந்து பத்து பேரு உக்காந்திருப்பாங்க.

உண்மை_விளம்பி
அப்ப என்னதான் பண்ண சொல்றீங்க, அரசாங்கம் சொன்னா நம்பணுமா கூடாதா. ஒரே பதில் சொல்லுங்க

தேவனாம்பட்டினம்_கரைவலை
சைரன் அடிச்சா நான் ஓடுவேன். ஓடிட்டு வந்து திட்டுவேன். அலைக்கும் மேம்பாலத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாதுங்க.

நடத்துநர்
கட்சிப் பேரு இழுத்த மூணு பதிவ எடுத்திருக்கேன். உண்மை_விளம்பி, புயல செயற்கையா செஞ்சாங்கன்னு நீங்க போட்ட வீடியோவையும் எடுத்தாச்சு. ஆதாரம் இருந்தா திரும்ப போடுங்க.

உண்மை_விளம்பி
பாத்தீங்களா நீக்கிட்டாங்க. இதுவே ஆதாரம்

வாரக்கூலி_நிருபர்
இவர வச்சுக்கிட்டு நான் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன், எதையும் நம்பாதவரு எல்லா ஃபார்வர்டையும் நம்பறாரு. சண்டைக்கு வராதீங்க சார், எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, எங்கப்பா. பேப்பர்ல நான் எழுதுனத நம்ப மாட்டாரு, அதே சேதி வாட்ஸ்அப்ல சுத்தி வந்தா "உனக்கு தெரியுமாடா"ன்னு எனக்கே அனுப்புவாரு.

சொல்தா_பேத்தி
லெவல்_மிஷின்காரன் அண்ணா, அப்ப மேம்பாலம் கட்டுனா அந்த சிலைகிட்ட தண்ணி நிக்கறது போகுமா? அத பத்தி எங்கயும் ஒரு வரி கூட நான் பாக்கல. நம்ம ஊர்ல லேசா மழை தூறினாலே இந்திரா காந்தி சிலைகிட்ட குளம்தான்.

லெவல்_மிஷின்காரன்
பாலம் வண்டிக்கு, தண்ணிக்கு இல்லம்மா. தூண் எங்க வருது, வாய்க்கால் எந்தப் பக்கம் ஒதுக்கறாங்க, மேல விழற தண்ணிய எங்க கொண்டு போய் விடறாங்கன்னு வரைபடம் பாத்தாதான் தெரியும். தகவல் உரிமைல கேக்கலாம், 10 ரூபா. நான் வேற ஒரு வேலைக்கு ஒரு தடவை கேட்டேன், பதில் வந்துச்சு, 40 பக்கம், அதுல லெவல் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் மங்கலா இருந்துச்சு. திரும்ப கேட்டேன். ரெண்டாவது தடவை தெளிவா வந்துச்சு. எதிர்பாக்கல, ஆனா வந்துச்சு.

இன்னொண்ணு, இது ரொம்ப சின்ன வேலை, யாராவது செய்வீங்களான்னு பாக்கறேன். ஃபெஞ்சல் தண்ணி உங்க வீட்டுல எது வரைக்கும் வந்துச்சோ அந்த அழுக்குக் கோடு காம்பவுண்ட் சுவத்துல இன்னும் இருந்தா, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடி தரைலருந்து டேப்பு புடிச்சு அளந்து, தெருப் பேரு போட்டு இங்க போடுங்க. எங்க தெருவுக்கு நான் எடுத்தாச்சு, மூணடி எட்டங்குலம். அடுத்த மழைக்கு வாய்க்கால சரி பண்ணிட்டோம்னு செய்தி வரும்ல, அப்ப கோட்ட பாத்துக்கலாம்.

வம்பாகீரப்பாளையம்_கட்டுமரம்
எங்க வீட்டுல போன தீபாவளிக்கே பெயிண்ட் அடிச்சுட்டாங்க சார். பின்பக்கம் பாத்ரூம் சுவத்துல பாக்கறேன்.

தென்பெண்ணை_ஓரம்
எங்க மாட்டுக்கொட்டாய் கல்லுத் தூண்ல இருக்கு. என் ஒசரத்துக்கு மேல. நான் அஞ்சடி ரெண்டு. நாளைக்கு பையன விட்டு அளந்து போடறேன்.

முத்தியால்பேட்டை_மாடிவீடு
எங்க வீடு மாடி, தண்ணி வரல. கீழ் வீட்டு அக்காகிட்ட கேட்டேன், அவங்க அலமாரில ஸ்கெட்ச்ல கோடு போட்டு தேதி கூட எழுதி வச்சிருக்காங்க, பையன் ஒசரத்த குறிக்கிற கோட்டுக்கு பக்கத்துலயே. அவன் இப்ப அந்தத் தண்ணிய விட ரெண்டு விரக்கடை ஒசரமாம். டேப்பு தேடிக்கிட்டிருக்கேன், எங்க அம்மா எங்கயோ வச்சிருக்காங்க.